அடுத்த துலாத்தில் ஸ்திரம்

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது சர்க்கார் வேலை கிடைத்தது. அச்சுகுத்துகிற வேலை. வைசூரி வராமலிருக்கக் குழந்தைகளின் மேல்கையைக் கீறி அம்மைப்பால் தடவுவதை எங்கள் பக்கத்தில் அச்சுகுத்து என்பார்கள். அந்த வருஷம் பாறசாலையைச் சுற்றிய ஊர்களில் வைசூரி கடுமையாக இருந்தது. இருந்த ஒரே அச்சுகுத்துக்காரருக்கு வயதாகி முழங்கால் வீங்கிவிட்டது. ஏழாம் வகுப்பு பாஸாகி, கையெழுத்து நன்றாக இருந்து, நடக்கவும் தெம்புள்ள ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் சபையில் வந்து சொன்னார்கள். என் அப்பா உபதேசியாராக இருந்து இறந்தவர். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். நான் போய் நின்றேன்.

அச்சுகுத்து இன்ஸ்பெக்டர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு தாளைத் தந்து நாலு வரி எழுதச் சொன்னார். எழுதியதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல எழுத்தாக்கும் மக்கா. இப்பம் ஆக்டிங்கா இரி. இந்த சீசன் கழியட்டு. அடுத்த துலாத்துல ஸ்திரம்."

துலாம், அதாவது ஐப்பசி மாத மழை ஓய்ந்ததும் எங்கள் சீசன் தொடங்கும். வைகாசியில் வரும் இடவப்பாதி மழைக்கு முன்னால் முடியும். நடுவில் உள்ள மழை மாதங்களுக்கு எனக்கு வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. அடுத்த துலாம் வருவதற்குள் என் வேலை ஸ்திரமாகிவிடும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதை அம்மா சபை முழுவதும் சொல்லிவிட்டாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் மழையில் நனைந்து வந்த ஒரு நாள் தம்முடைய குடையைக் கொடுத்தார், பிறகு அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது கொய்னா மாத்திரை வாங்கி அனுப்பினார். கொடுமைக்காரராக இருந்திருந்தால் முதல் வருஷமே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அந்த வேலையில் எங்களை யாரும் விரும்புவதில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்ததும் ஊரில் ஒரு குழந்தையின் சத்தமும் கேட்காது. வெள்ளறடை மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் நெல் போடும் பத்தாயத்துக்குள் குழந்தையை வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே தும்மல் கேட்டதால் கண்டுபிடித்தேன். மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்மாரின் பின்னால் நானும் ஓடியிருக்கிறேன். பெரிய வீடுகளில் என்னை வாசலோடு நிறுத்தி, பிள்ளையை எட்ட நின்று நீட்டுவார்கள். கீறிய எட்டாம் நாள் திரும்பிப் போய்க் கையைப் பார்க்க வேண்டும். கொப்புளம் கட்டியிருந்தால் புத்தகத்தில் அந்தக் குழந்தையின் பெயருக்கு நேராகப் 'பலித்தது' என்று எழுதலாம்.

இரண்டாவது சீசன் வந்தது. ஸ்திரம் வரவில்லை. "பரீட்சை ஒண்ணு பாஸாவணும். அது மட்டும் ஆச்சுன்னா பிறகு ஒரு தடையும் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். திருவனந்தபுரம் போய்ப் பரீட்சை எழுதி பாஸானேன். மூன்றாவது சீசனில், வயதான அச்சுகுத்துக்காரர் பென்ஷன் வாங்கிப் போகப்போகிறார், அந்த இடம் எனக்குத்தான் என்றார். கிழவரும் போனார். இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "எழுதிப் போட்டாச்சு மக்கா. மேலயுள்ள காரியமாக்கும், பையத்தான் நடக்கும்."

இதற்குள் எனக்குக் குன்னத்துகாலில் பெண் பேசியிருந்தார்கள். அந்த ஊர்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண். அவளுடைய அப்பா கொப்பரை வியாபாரி, நேரே பேசுகிறவர்.

"நான் உம்மளக் குற்றம் சொல்லல்ல. ஸ்திரம்னு ஒரு தாள் வரட்டு. அடுத்த ஞாயிறே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிரலாம்."

ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில், கிணற்றுப் பக்கத்தில் அந்தப் பெண்ணே என்னிடம் கேட்டாள்.

"இந்தத் துலாத்துக்காவது வருமா?"

"வரும்."

"நீங்க வரும்னு சொல்லும்பம் என் மொகத்தப் பாக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான்காவது சீசனில்தான் அது நடந்தது. காரோட்டுப் பக்கம் கடலோரத்தில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். முந்தின வருஷம் அங்கே நான் குத்திய முதல் குழந்தையின் கை சீழ்பிடித்து, ஆறுவதற்கு வெகுநாள் ஆனது. அதிலிருந்து அந்த ஊரில் என்னைக் கண்டாலே கதவை அடைத்தார்கள். தாலுகா எல்லை பக்கத்திலேயே இருந்தது. நான் வடக்கேயிருந்து வந்தால் பெண்கள் குழந்தைகளோடு தெற்கே விளவங்கோடு தாலுகாவுக்குள் போய்விடுவார்கள். அங்கே எனக்கு அதிகாரம் கிடையாது. மூன்று தடவை போனேன். கரையில் காயும் வலைகளையும் நாய்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மகர மாதம் மேலதிகாரி ஒருவர் சுற்றுப்பயணம் வருவதாகத் தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். எல்லா ஊரும் நிரம்பியிருந்தது. அந்தக் கடலோர ஊரின் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இது என்ன?"

"யாரும் நிக்க மாட்டாங்க எஜமானே. நானும் மூணு தடவ போனேன்."

அவர் கோபப்படவில்லை. தோளில் கையை வைத்தார். "பெரிய எஜமான் இதத்தான் பாப்பாரு. புத்தகத்துல குறை இருந்துதுன்னா உன்ன ஸ்திரமாக்கணும்னு நான் எந்த மொகத்தோட பேசுவேன்? கழிஞ்ச வருஷம் குத்தாம விட்ட பிள்ளைகளுக்க பேரெல்லாம் இருக்குல்லியா? எழுது. பிறகு சாவகாசமாப் போயிக் குத்திக்கிடலாம்."

நான் எழுதினேன். அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ஒவ்வொரு பெயராக, வயது, தேதி, கடைசிக் கட்டத்தில் 'பலித்தது'. கொப்பரை வியாபாரியின் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டே எழுதினேன். என் எழுத்து அன்றைக்கும் நன்றாகவே வந்தது.

மேலதிகாரி வந்தார். பக்கங்களைப் புரட்டினார். யாருடைய கையெழுத்து இது என்று கேட்டு, நன்றாயிருக்கிறது என்றார். அவர் போனபிறகு இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, "இனி ஒண்ணும் பயப்படாண்டாம் மக்கா" என்றார். சாவகாசமாகப் போய்க் குத்துவது பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மீன மாதத்தில், பாறசாலைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஊரில் வைசூரி விழுந்திருக்கிறது. அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. என்னுடைய கணக்குப்படி அந்த ஊரில் எல்லோருக்கும் குத்தியாகிவிட்டது. நான் போய் அம்மைப்பால் கேட்டால், எழுதியது பொய் என்று நானே சொன்னதாகும். அன்று வெள்ளறடைக்குப் போனேன். மறுநாளும் அங்கேயே இருந்தேன். மூன்றாம் நாள்தான் இன்ஸ்பெக்டரிடம் போனேன்.

அவர் புத்தகத்தைக் காட்டினார். "இங்க எல்லாவருக்கும் பலிச்சிருக்கே. பலிச்ச ஊருக்குப் பால் வேணும்னு நான் என்னன்னு எழுதுவேன்?"

"எஜமானுக்குத் தெரியுமே!"

"எனக்குப் புத்தகத்துல உள்ளதுதான் தெரியும்."

வெள்ளறடைக்கென்று என்னிடம் தந்திருந்த, அம்மைப்பால் அடைத்த கண்ணாடிக் குழல்களை எடுத்துக்கொண்டு காரோட்டுக்கு நடந்தேன். அன்று யாரும் ஓடவில்லை. சிலுவை நாட்டிய குருசடியில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அதன் முன்னால் பெண்கள் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர்களே பிள்ளைகளின் கைகளை நீட்டிக் காட்டினார்கள். இருந்த பால் பாதிப் பேருக்குத்தான் வந்தது.

கடைசியில் ஒருத்தி என்னைத் தன் குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு வயது இருக்கும் பெண்குழந்தை ஓலைப்பாயில் கிடந்தது. உடம்பு கொதித்தது. நெற்றியில் அம்மை முத்துக்கள் புறப்பட்டிருந்தன.

"ஐயா, நீரு வந்தப்பம் நான்தான் இவளத் தூக்கிட்டு எல்லைக்க அங்க ஓடுனேன். இப்பம் குத்தும். நான் ஓட மாட்டேன். பிடிச்சுக்கிடுதேன்."

இனிக் குத்திப் பயனில்லை என்று சொன்னேன். அவளுக்கு அது காதில் விழவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து என் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தாள். குழலின் அடியில் ஒட்டியிருந்த பாலை எடுத்து, பயனில்லை என்று தெரிந்தே, அந்தக் கையில் கீறினேன். அவள் நிம்மதியோடு என்னைப் பார்த்தாள். ஆறாம் நாள் குழந்தை இறந்துவிட்டது. அந்த ஊரில் அந்த மாதம் இறந்தது அந்தக் குழந்தை மட்டுமல்ல. நான் முதல் நாளே போயிருந்தால் யாரெல்லாம் பிழைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

சீசன் முடிந்ததும் நான் திருவனந்தபுரம் போனேன். என்னை ஸ்திரமாக்கும்படி எழுதிய கடிதங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று மேலே உள்ள சர்க்கார் கச்சேரியில் கேட்கத்தான். எல்லாவற்றுக்கும் பிறகும் அதைக் கேட்கத்தான் போனேன். அங்கிருந்த குமாஸ்தாவுக்கு என் வயதுதான் இருக்கும். பொறுமையாக நாலு வருஷத்துக் கட்டுகளையும் அவிழ்த்துப் பார்த்தார்.

"இங்ஙனெ ஒரு பேரு இவிடெ வந்நிட்டே இல்லல்லோ" என்றார்.

ஒரு கடிதத்திலும் என் பெயர் இல்லை. பரீட்சை பாஸானதுகூட அங்கே எட்டியிருக்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டரின் கடிதம் ஒன்று இருந்தது. அதை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். வயதான அச்சுகுத்துக்காரர் பென்ஷன் வாங்கிய சமயத்தில் எழுதியது. ஆக்டிங் ஆளை வைத்தே வேலை குறைவில்லாமல் நடப்பதால், ஸ்திரமான இடத்தை இனி நிரப்பவேண்டிய அவசியமில்லை என்று அதில் கண்டிருந்தது. அதை எழுதிய கை என்னுடையது அல்ல. இன்ஸ்பெக்டரின் மற்றக் கடிதங்களையெல்லாம் நல்ல எழுத்தில் நகல் எடுப்பவன் நான்தான்; என்னைப் பற்றியதைத் தாமே எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒன்றை மட்டும் அவரே எழுதியிருந்தார்.

திரும்பி வந்து நேராக அவரிடம் போனேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எஜமான் எனக்காக ஒரு எழுத்தாவது எழுதினதுண்டா?"

துண்டில் கையைத் துடைத்தார். "எழுதியிருந்தா அந்த எடத்துக்கு மேலேருந்து வேற எவனையாவது அனுப்பியிருப்பானுவ. நீ போயிருப்ப. எனக்கு உன்னப்போல ஒருத்தன் பிறகு கிட்டுவானா? உனக்கும் வேல இருந்துது, எனக்கும் ஆளு இருந்துது. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "உக்காரு மக்கா. அடுத்த துலாத்துக்குப் பாப்போம்" என்றார்.

அவரைத் திட்ட வேண்டுமென்று வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். என் வாயிலிருந்து வந்தது, "சரி எஜமானே" என்பதுதான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. நாலு வருஷம் கொடுத்துவிட்டபிறகு, அவை வீண்போயின என்று ஒப்புக்கொள்வதைவிட ஐந்தாவது வருஷத்தையும் கொடுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது சீசனும் நடந்தேன். அதற்குள் குன்னத்துகால் பெண்ணுக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் நான் அந்தக் கோயிலுக்குப் போனேன். இந்தக் கல்யாணத்துக்குத் தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் திரும்பவில்லை.

அந்தச் சீசன் முடிகிறபோது இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் தம்முடைய சொந்தக்காரப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இனி நான் வரவேண்டியதில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். ஆக்டிங் ஆளை நிறுத்துவதற்குத் தாளும் கையெழுத்தும் தேவையில்லை.

வேலை போன மறுவாரம் காரோட்டுக்குப் போனேன். அந்தக் குழந்தையின் தாய் குடிசைக்கு முன்னால் உட்கார்ந்து சாளை மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. சொல்ல வந்ததைச் சொன்னேன். உன் குழந்தைக்குக் குத்தாமலே குத்தியதாக எழுதினேன், அதனால்தான் பால் வரத் தாமதமானது, நோய் வந்தது தெரிந்தும் இரண்டு நாள் நான் வரவில்லை.

அவள் மீனைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. "நீரு எழுதினா என்ன, எழுதல்லேன்னா என்ன? மூணு தடவ வந்தீருல்லியா? ஓடுனது நானாக்கும்."

"அப்படி இல்ல" என்றேன்.

"ஓடுனது நானாக்கும் ஐயா" என்றாள் மறுபடியும். திட்டுவாள் என்று நினைத்துப் போனவன் நான். அவள் என் பங்கையும் சேர்த்துத் தானே சுமந்துகொண்டிருந்தாள். அவள் நம்பும்படியாக அதைத் திரும்பக் கேட்டு வாங்க எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அதன்பிறகு கொஞ்சம் நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்து மரச்சீனி போட்டேன். அம்மா இருந்தவரைக்கும் அதில் காலம் போனது. கடலோரத்துக்கு நான் மறுபடி போகவில்லை. சந்தைக்கு வரும் மீன்காரிகளிடம் அவளைப் பற்றி விசாரிப்பதுண்டு. பிறகு அவளுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்ததாகவும், புதிய அச்சுகுத்துக்காரர் அந்த ஊருக்கு வந்த அன்று, மற்றவர்கள் எல்லைக்கு அப்பால் ஓடியபோது, அவள் ஒருத்தி மட்டும் பிள்ளையோடு கரையில் நின்றதாகவும் சொன்னார்கள்.