சாம்பார் மஞ்சளும் ஓர் இன்டர்வியூவும்

ஊரே கொரோனாவைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அது கொண்டுவந்த மாஸ்க்குக்கு மட்டும் உள்ளுக்குள் நன்றி சொன்ன ஆள் புதுச்சேரி முதலியார்பேட்டையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் கன்னம் இரண்டிலும் பரு. பரு போன இடத்தில் கறுப்புத் தழும்பு. தழும்புக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்காரும் புதுப் பரு. அப்படிப்பட்டவளிடம், மூக்கிலிருந்து தாடை வரை மூடிக்கொள் என்று அரசாங்கமே சொன்னால் கசக்குமா? எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றிப் போட்ட பிறகும் நான் விடாமல் போட்டுக்கொண்டு திரிந்தேன். கேட்டால் "தூசி அலர்ஜி" என்பேன். கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிடும்போதுகூட, வாய்க்குள் போகிற நேரத்துக்கு மட்டும் இறக்கி, உடனே ஏற்றிவிடுவேன்.

பரு இருக்கிற பெண்ணுக்கு ஊரில் எல்லாரும் டாக்டர். டூத் பேஸ்ட் வைத்தால் காய்ந்துவிடும் என்றார்கள். காய்ந்தது பரு இல்லை, சுற்றியிருந்த தோல். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்துவிட்டு வீடு முழுக்க ஓடினேன், அவ்வளவு எரிச்சல். தக்காளி தேய்த்தேன், காபித்தூள் தேய்த்தேன், ஐஸ் கட்டி வைத்தேன். சமையலறையில் இருந்ததில் என் முகத்துக்கு வராமல் தப்பித்தது கருவாடு ஒன்றுதான்.

மூலக்குளத்தில் இருக்கும் என் மாமி, அதாவது அத்தாவின் அக்கா (அப்பாவை நாங்கள் அத்தா என்போம்), எப்போதும் ஒரே மருந்துதான் சொல்வார். "கல்யாணம் ஆனா பரு தானாப் போயிடும்டி." மாமிக்குக் கல்யாண வயதில் ஒரு பையன் இருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் பி.காம். முடித்திருந்தேன். அத்தாவிடம் சண்டை போட்டு ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். "வேலை கெடச்சா ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்ச எடுக்க மாட்டேன். ரம்ஜான் நோன்புக்குள்ள கெடைக்கலன்னா மாமி சொல்றதக் கேக்கணும், அவ்ளோதான்" என்றிருந்தார். மாமி பையன் கெட்டவன் இல்லை, பாவம். ஆனால் அவனைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரும். வேலை எனக்கு அவ்வளவு அவசியமாக இருந்தது.

எல்லா வேலைக்கும் நான் மனுப் போடவில்லை. முகத்தைக் காட்ட வேண்டிய வேலை எனக்கு ஆகாது. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு பல் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தேன். அங்கே ரிசெப்ஷனுக்கு ஆள் தேவையாம். பல் ஆஸ்பத்திரியில் எல்லாரும் நாள் முழுக்க மாஸ்க் போட்டுக்கொண்டுதானே இருப்பார்கள்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் டாக்டரம்மாவே போன் செய்தார்.

"திங்கக்கெழம பதினோரு மணிக்கு வாங்க. இப்பவே ஒண்ணு சொல்லிடறேன், ரிசெப்ஷன்ல மாஸ்க் கெடையாது. பல்லு வலியோட வர்றவங்க பயந்துதான் வருவாங்க. மொதல்ல சிரிச்ச முகத்தப் பார்க்கணும்."

சரி டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நேராகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே என் காலேஜ் தோழி. அவள் அம்மா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் எடுத்து எங்கள் தெருக்களில் விற்பவர்.

"எங்கம்மாவப் பாரு" என்றாள் தோழி. "நாளெல்லாம் வெயில்லயே கெடக்குது. மொகத்துல ஒரு புள்ளி இருக்குதா? தெனம் மஞ்சள் பூசிக்கினுதான் வெளிய போகுது. நீ கஸ்தூரி மஞ்சள் வாங்கியாந்து, துளியூண்டு எடுத்துத் தயிர்ல கொழச்சிப் பூசு. காஞ்சதும் உடனே கழுவிடு."

அவள் தெளிவாகத்தான் சொன்னாள். நானும் தெளிவாகத்தான் கேட்டேன். ஆனால் நாட்டு மருந்துக் கடைக்கு அந்த வெயிலில் யார் போவது? மஞ்சள் என்றால் மஞ்சள்தானே, அதில் என்ன கஸ்தூரி, கத்தரிக்காய்? அம்மா அசந்த நேரமாகப் பார்த்து அடுப்படியிலிருந்த சாம்பார் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்தேன். கொஞ்சம் பூசினால் கொஞ்சம் அழகு, நிறையப் பூசினால் நிறைய அழகு. டப்பாவைக் கவிழ்த்தேன். ஃபேனுக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டுத்தான் கண் விழித்தேன்.

கழுவினேன். மஞ்சள். சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னும் பளிச்சென்று மஞ்சள். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மஞ்சத்தூளு டப்பா ஏண்டி காலியாக் கெடக்குது?"

கேட்டுக்கொண்டே வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள். "யா அல்லாஹ்!" என்று வாயில் கை வைத்தாள். அப்புறம் கடலை மாவை அள்ளிக்கொண்டு வந்து, தீய்ந்துபோன சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். மஞ்சள் போகவில்லை. சிவப்பு மட்டும் கூடச் சேர்ந்துகொண்டது.

இதுவே தோழி வீட்டுப் பெண்ணாக இருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே மஞ்சள் முகம் தினமும் உண்டு. எங்கள் வீடுகளில் முகத்துக்கு மஞ்சள் ஏறுவது நலுங்கு வைக்கும்போது மட்டும்தான், கல்யாணப் பெண்ணுக்கு. இது எங்கள் ஊரில் எல்லா மதத்துக்காரருக்கும் தெரியும்.

ஞாயிறு காலையில் மீன் வாங்கக் கதவைத் திறந்தேன். தோழியின் அம்மா கூடையை இறக்கினார், என் முகத்தைப் பார்த்தார், எடுத்த மீனைக் கூடையிலேயே போட்டார்.

"அடியம்மா! நலுங்கு வச்சிட்டாங்களா? பக்கத்துலயே இருக்கறோம், ஒரு வார்த்த சொல்லல பாரு!"

"ஐயோ, அதெல்லாம் இல்ல அத்தே..."

"வெக்கத்தப் பாரு பொண்ணுக்கு!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எங்கள் தெருவில் மீனோடு என் கல்யாணமும் வீடு வீடாகப் போனது.

அத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நைட்டிக் கடை போடுவார். அங்கே ஒருத்தர் வந்து "முபாரக் பாய்" என்று வாழ்த்திக் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். இன்னொருத்தி, கல்யாணக்காரர் வீடு, நல்ல மனசோடு குறைத்துக் கொடுங்கள் என்று பேரம் பேசி நைட்டியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். யாருக்குக் கல்யாணம் என்று தெரியாமலே அத்தாவும் கொடுத்திருக்கிறார். மத்தியானம் மூலக்குளத்திலிருந்து மாமி போன்.

"என் பையனக் கண்ணு முன்னால வச்சிக்கினு வெளிய மாப்ள பார்த்துட்டீங்களா?" என்று ஒரே அழுகை. அம்மா நடந்ததைச் சொல்லச் சொல்ல மாமி நம்பவில்லை. மஞ்சள்தூள் கதையைவிட ரகசிய நிச்சயதார்த்தம்தான் அவருக்கு நம்பும்படியாக இருந்தது.

அத்தா வந்து என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "நாளைக்கு அந்த வேலையும் போச்சு. மாமிகிட்டயே பேசிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இதைப் படிக்கிற யாராவது ஒருத்தி இப்போது அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். உட்காரும்மா. பிற்பாடு நான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "இந்த மாஸ்க்க எப்பல்லாம் தொவைப்பே?" நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். பருவை மூட நான் போட்ட மாஸ்க்குக்குள் வேர்வையும் அழுக்கும் ஊறி, அதுவே பருவை வளர்த்துக்கொண்டிருந்ததாம்! இப்போது என் பவுசு எல்லாம் இவ்வளவுதான். காலையும் சாயங்காலமும் காரமில்லாத சோப்பால் முகம் கழுவுகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பைத் துளி எடுத்துத் தடவுகிறேன். வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். தலையணை உறையை அடிக்கடி துவைக்கிறேன். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, பருவைக் கிள்ளாமல் கையைச் சும்மா வைத்திருப்பது. அது இன்னும் முழுசாக வரவில்லை.

திங்கட்கிழமை மாஸ்க்கோடுதான் போனேன். காத்திருக்கும் இடத்தில் வீங்கின கன்னங்களோடு நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், தாடையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே என்னை உள்ளே கூப்பிட்டார். கணக்குக் கேட்டார், கம்ப்யூட்டர் கேட்டார், எல்லாம் சொன்னேன்.

"சரி, மாஸ்க்கக் கழட்டும்மா."

கழற்றினேன். முக்காட்டுக்குள் மஞ்சள் முகத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வெளியிலிருந்து பெரியவர் எட்டிப் பார்த்து, வலிக்கிற வாயோடு, "ஃபெலிசித்தாசியோன் மத்மசேல்!" என்றார். வாழ்த்துச் சொல்கிறாராம்.

"கல்யாணம் வச்சிக்கிட்டா வேலைக்கு வந்தே?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல டாக்டர். இது சாம்பார் மஞ்சள். தெரியாம பூசிட்டேன்."

"இதோ பாரும்மா, எனக்கு இந்தக் கதையெல்லாம் வேணாம். முன்னால இருந்த பொண்ணும் கல்யாணமே இல்லன்னுதான் சேர்ந்துச்சு. வேல கத்துக் குடுத்து முடிக்கறதுக்குள்ள பத்திரிகையோட வந்து நின்னுச்சு. நீ போயிட்டு வா."

எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்க மாட்டேன். முகத்துக்காக வேலை போயிருந்தால்கூட அழுதுவிட்டு வந்திருப்பேன். இல்லாத மாப்பிள்ளைக்காக வேலையைப் பறிகொடுப்பதா? போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். "எங்கம்மாகிட்ட நீங்களே கேளுங்க டாக்டர்."

அம்மா எடுத்த எடுப்பில், "என்னாடி ஆச்சு? வேல கெடச்சுதா?" என்றாள்.

"எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சுன்னு நெனைக்கிறாங்கம்மா. வேல இல்லன்றாங்க."

"கல்யாணமா? எவன் கூட? டப்பா மஞ்சளையும் மூஞ்சில கொட்டிக்கினு குறட்ட வுட்டுத் தூங்குனியே, அதுவாடி கல்யாணம்? மஞ்சளே இல்லாம நேத்து சாம்பாரு வச்சேன். கஞ்சியான்னு கேட்டாருடி உங்கத்தா!"

வெளியே பெரியவர் சிரித்துவிட்டு, வலி தாங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அம்மாளும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். போதும் என்று நான் போனை எடுக்கப் போனேன். அதற்குள் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

"ஏண்டி, அப்படி என்னாடி கொறச்சல் அந்த மூஞ்சிக்கு? மாஸ்க்கப் போட்டு மூடற. கண்டதையும் பூசி மூடற. அது எம் மூஞ்சிடி. ஒன் வயசுல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அந்தப் பள்ளமெல்லாம் இன்னும் என் கன்னத்துலதான் இருக்குது. ஐயே, அசிங்கம்னு நீ கண்ணாடி முன்னால நின்னு சொல்றப்பல்லாம், நான் பின்னாலதான நின்னுக்கினு இருக்கறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா போன் பக்கம் குனிந்தார்.

"அம்மா, நாளைக்குக் காலைல பொண்ண வேலைக்கு அனுப்பிடுங்க."

"யாரு பேசறது?" என்றாள் அம்மா. அடுத்த நொடி போனை வைத்துவிட்டாள்.

அத்தா வாக்கை மீறவில்லை. மாமிக்கு அன்றைக்கே போன் செய்து ரெண்டு வருஷம் பொறுக்கச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அத்தனை பேர் முன்னால் பேசிவிட்ட வெட்கம். நான் தோளைப் பிடித்துத் திருப்பினேன். இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினேன். தினமும் பார்க்கிற முகம்தான். கன்னம் இரண்டிலும் சின்னச் சின்னப் பள்ளங்கள். எனக்கு எங்கெங்கே இருக்கிறதோ அங்கங்கேதான் அவளுக்கும். இத்தனை வருஷத்தில் அது ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

"விடுடி, பாலு பொங்குது" என்றாள்.

பொங்கினால் பொங்கட்டும் என்று நான் விடவில்லை.