சாவு வீட்டில் பேய்ப்படம்

அப்பா போய்ப் பத்து நாள் ஆகியும் அம்மா சோற்றைத் தொடவில்லை. பிளேன்டீ, இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான். இப்படியே போனால் கருமாதிக்கு இரண்டு படங்களுக்கு மாலை போட வேண்டிவரும் என்று எனக்கு நடுக்கம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அம்மாவிடம் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன்.

கருமாதி முடியும்வரை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், சாவு வீட்டில் டிவி போட மாட்டார்கள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரை போகாது. இங்கே தும்மினால் அங்கிருந்து "நூறு வயசு" என்று வாழ்த்து வரும். இதெல்லாம் தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவின் மனசு கொஞ்சம் மாறட்டும் என்று சத்தத்தைக் குறைத்து ஒரு படம் போட்டேன். ஹட்டன் டவுன் கடைக்காரர் சிரிப்புப் படம் என்று சொல்லித்தான் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பத்தாவது நிமிடம் திரையில் ஒரு சவப்பெட்டி. உள்ளே இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

பதறிப்போய் ரிமோட்டைத் தேடினேன். அது அம்மாவின் கையில் இருந்தது, தரவில்லை. பிணம் பெட்டி இறுக்குகிறது என்று குறை சொன்னது. எல்லாரும் ஓட, மனைவி மட்டும் நின்றாள். கடித்துக் குதறப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ, செத்தும் வாய் அடங்கவில்லையா என்று ஓர் அறை விட்டாள். பிணம் மறுபடி படுத்துக்கொண்டது.

"ஒங்கப்பாவா இருந்தா எந்திரிச்ச ஒடனே தேத்தண்ணி கேட்டிருப்பாரு. சீனி பத்தலன்னு வேற சொல்லியிருப்பாரு" என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து அழுதார்.

கதவு தட்டும் சத்தம். பக்கத்துக் காம்பரா அக்கா. அப்பாவுக்கு ஒப்பாரி வைத்ததே அவர்தான். மானம் போச்சு என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தார்.

"சத்தம் மட்டுந்தான் கேக்குது. யாரு யார அறைஞ்சான்னு தெரியாம இருக்க முடியல புள்ள. கொஞ்சம் பின்னால போடு."

போட்டேன். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். லயம் முழுக்கக் கேட்டிருக்கும். இன்றுவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அந்தப் படம் எடுத்த மகராசனும் நல்லா இருக்கட்டும்.

அடுத்த பேய் வருவதற்குள் அம்மா அக்காவிடம் கேட்டார்: "ஒங்க வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?"

அக்கா படத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடினார். சட்டியோடு திரும்பி வந்தார். அம்மா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.