நேவி குடியிருக்கும் சீதன வீடு

போன ஞாயிறு என் சொந்த வீட்டுக்குள் பதினைந்து நிமிடம் போய்வர அனுமதி கிடைத்தது. கேற்றில் துப்பாக்கியோடு நின்ற நேவிக்காரன் பாஸை இரண்டு முறை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் வீட்டில் நான் எதைத் திருடப் போகிறேன்?

துறைமுகத்தைப் பார்த்த அந்த வீடு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு, கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றிய என் மனைவியின் பாட்டனார் தன் மகளுக்காகக் கட்டியது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படித்தானே? வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார்; பெற்றவர்கள் பின்வளவில் இருக்கும் சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். பாட்டனார் ஒதுங்கினார். பிறகு என் மாமனார் ஒதுங்கினார். நான் ஒரு தகரப் பெட்டியோடு உள்ளே போனேன்.

அடுத்தது என் முறை. மகள் பூமணிக்குக் கொடுத்துவிட்டு நான் ஒதுங்க வேண்டும். அதற்குள் ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான்... வெள்ளைக்காரனின் நேவி முந்திக்கொண்டு, யுத்தத்துக்கென்று வீட்டை எடுத்து, எங்கள் எல்லோரையும் ஒதுக்கிவிட்டது. இப்போது உப்புவெளியில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறோம்.

பூமணிக்கு வயது இருபத்தாறு. வந்த இரண்டு சம்பந்தமும் அந்தக் கேற்றோடு திரும்பிவிட்டன. சீதன வீட்டைப் பார்க்காமல் யார் சம்மதம் சொல்வார்கள்? மூன்றாவதாக நிலாவெளியிலிருந்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். அதனால்தான் மனுவுக்கு மேல் மனு எழுதி இந்தப் பதினைந்து நிமிடம்.

மாப்பிள்ளையின் தாயார் வெற்றிலைத் தட்டோடு முன்னால் நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார் — உள்ளே எல்லோரும் பூட்ஸோடு நிற்கிறார்கள்! சாமியறையில் வரைபடம் தொங்கியது. அந்த அம்மா கதவுகளைத் தட்டிப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், குசினிக்குள்ளும் நுழைந்தார். அங்கே நின்ற வெள்ளைக்காரச் சமையல்காரன் கரண்டியோடு ஓரமாக வழிவிட்டான்.

“வீடு நல்ல வீடுதான், அண்ணை. இவை எப்ப வீட்டை விட்டு எழும்புவினமாம்? கேளுங்கோ.”

அங்கிருந்த அதிகாரியிடம் இங்கிலீஷில் கேட்டேன். யுத்தம் முடிந்ததும் என்றார்.

“அது எப்ப முடியுமாம்?”

அதையும் கேட்டேன். அதிகாரி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். மனிதருக்கும் களைப்புத்தான். தனக்கும் ஊரில் ஒரு வீடு இருக்கிறது, பார்த்து மூன்று வருடமாகிறது என்றார். அந்த அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அதிகாரியின் கையிலேயே கொடுத்துவிட்டார்!

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “எங்களுக்குச் சம்மதம், அண்ணை. ஆனா நேவி வீட்டை விட்டாப்பிறகுதான் நாள் வைக்கலாம். என்ர பிள்ளை வாடகை வீட்டில வந்து இருக்கேலாது. குறை நினைக்காதேங்கோ.”

நான் குறை நினைக்கவில்லை. களைத்துவிட்டேன், அவ்வளவுதான். சம்மதம் என்றதற்குச் சந்தோஷப்படுவதா, நாள் இல்லை என்றதற்கு அழுவதா?

மறுநாள் முதல், பேப்பர் வந்ததும் எனக்கு முன்னால் பூமணிதான் எடுக்கிறாள். ஜப்பான்காரனை விரட்டும் பட்டாளம் பர்மாவில் எந்த ஆற்றைத் தாண்டியது என்று விரல் வைத்து வாசிக்கிறாள்.

“அப்பா, பர்மாவில இன்னும் எத்தின ஆறு கிடக்கு?”

எனக்கென்ன தெரியும், பிள்ளை? அத்தனையையும் அவர்கள் கடந்து முடித்தால்தான் உனக்குத் தாலி.