தோற்காத சாம்பியனும் என் முதுகும்

குற்றாலம் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவருக்கு உள்ளங்கை முறம் அகலம். தேய்க்கும்போது குத்துச்சண்டை பேசாமல் அவரால் இருக்க முடியாது. அன்று கல்லில் குப்புறப் படுத்திருந்த நான், ஒருமுறைகூடத் தோற்காத ஒரு சாம்பியனைப் புகழ்ந்து தொலைத்துவிட்டேன்.

"அவன் யார அண்ணாச்சி அடிச்சான்? எல்லாம் வயசாகி ஓய்ஞ்சு வந்த ஆளுவ. மூணு தடவ தோத்தானே இன்னொரு சாம்பியன், அவன் எதிர்க்க நின்னவன்லாம் மல மாதிரி இருந்தான்."

அந்த மலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் என் விலா எலும்பு ஒன்றை அழுத்திக் காட்டினார்.

"அப்போ ஜெயிச்சதுக்கு மதிப்பே கெடையாதா?"

"எதிர்க்க நிக்கவன் யாருன்னு பாக்கணும்லா?"

வலி என் வாயைக் கிளறிவிட்டது. "நீங்களுந்தான் தெனமும் பத்து பேரச் சாய்க்கிய. எல்லாரும் தானா வந்து படுத்தவங்கதானே?"

கைகள் நின்றன. பிறகு நடுமுதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி, போய்க் குளிங்க," என்றார் சாதுவாக.

தேய்த்து முடித்ததும் எல்லாருக்கும் அப்படி ஓர் அடி போடுவது அவர் வழக்கமாம். ஆனால் எனக்கு அடுத்துப் படுத்தவருக்கு விழுந்த அடி அருவிச் சத்தத்தில் கேட்கவே இல்லை. என்னுடையதற்குக் குரங்குகளே திரும்பிப் பார்த்தன.