பர்சென்ட் அக்காவின் தொண்ணூற்று மூன்று

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், லிஃப்ட்டை விட்டு இறங்கியதும் இடது பக்கம் ஒரு நீளமான அறை உண்டு. அதன் ஒரு பாதி ஆய்வேடுப் பதிவுப் பிரிவு. ஓய்வு பெறும்வரை என் மேஜை அங்கேதான். மறு பாதியில், இடுப்பளவு மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒப்புமைச் சோதனைப் பிரிவு. பிரிவு என்பது பலகையில் எழுதியிருந்த மரியாதை. உண்மையில் இருந்தது ஒரு மேஜை, ஒரு கணினி, அடிக்கடி தாளை மென்று துப்பும் ஒரு பிரிண்டர், அப்புறம் ஒரு பெண்மணி. அவரைத்தான் எல்லோரும் பர்சென்ட் அக்கா என்றார்கள்.

ஆய்வு மாணவர்கள் எழுதி முடித்ததை அவரிடம் கொண்டுவர வேண்டும். அவர் அதை ஒரு மென்பொருளில் ஏற்றுவார். அது கட்டுரைகள், இணையப் பக்கங்கள், பழைய ஆய்வேடுகள் என்று தனக்குத் தெரிந்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, எந்த வரி ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று வண்ணம் பூசிக் காட்டும். மூலையில் ஒரு சதவீதம் வரும். பத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கையெழுத்து. தாண்டினால் மாணவரின் முகம் தொங்கும். அக்காவின் முகம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அக்கா, பதினெட்டு வந்திருக்கு. ஒரு எட்டை மட்டும் குறைச்சுக் குடுங்களேன்."

"இது என்ன காய்கறிக் கடையா, பேரம் பேச? எண்ணை விடு, கலரைப் பாரு. இந்தப் பச்சை யாரோடது?"

"நான் எழுதினதுதான்க்கா. படிச்சு, உள்வாங்கி, என் நடையில..."

"கமா கூட இடம் மாறலையே. கமாவையும் சேர்த்தா உள்வாங்கினே?"

இப்படித்தான் போகும் அவர் பொழுது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபது சதவீதம் வந்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சட்டப் பிரிவுகளை அப்படியே எடுத்து எழுதித்தானே ஆக வேண்டும் என்பார். மூன்று சதவீதம் வந்த ஆய்வேட்டைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறார். அந்த மூன்றும் ஒரே பக்கத்தில், ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தது. "எண்ணை விடு, கலரைப் பாரு" என்பதை அவர் சொல்லாத நாள் விடுமுறை நாளாகத்தான் இருக்கும்.

அவர் கணவர் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருந்தார். மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேண்டுமா? எதிர்க்கடையில் அவர் நகல் எடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்க, இங்கே இவர் நகலைப் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறார், இவர்கள் எப்படித்தான் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறார்களோ என்று படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். அவர்கள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். மதியம் கணவர் டிபன் கேரியரோடு வருவார். எங்கள் தடுப்பின் மேல் அதை வைத்துவிட்டு, "இன்னிக்கு எத்தனை பேரை அழவிட்டே?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அக்காவின் மானிட்டருக்குப் பின்பக்கம், அதாவது மேஜைக்கு எதிரே நிற்பவர் கண்ணில் படும்படி, ஒரு தாள் ஒட்டியிருந்தது. தடித்த எழுத்தில், "வரைவா, இறுதிப் பிரதியா, முதலில் சொல்லவும். வரைவைச் சேமிக்கக் கூடாது" என்று இருக்கும். காரணம் இதுதான். ஏற்றும்போது அந்த மென்பொருள், இதைக் கிடங்கில் சேர்த்து வைக்கவா என்று கேட்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் சேர்த்துவிடும். இறுதிப் பிரதியைச் சேர்க்க வேண்டியதுதான். வரைவைச் சேர்த்துவிட்டால் வம்பு. அதே ஆள் பிறகு இறுதிப் பிரதியைக் கொண்டுவரும்போது, யாரோ முன்பே எழுதியதை இவர் வரிக்கு வரி திருடிவிட்டார் என்று மென்பொருள் சத்தியம் பண்ணும். மாணவர்களை நம்ப முடியாது என்றுதான் அக்கா தாளை அவர்கள் பக்கம் பார்த்து ஒட்டியிருந்தார். தன் பக்கம் ஒட்டும் அவசியம் அவருக்குத் தோன்றவில்லை.

அக்காவும் ஆய்வு மாணவிதான் என்பது பலருக்குத் தெரியாது. பகுதிநேரமாகப் பதிவு செய்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தொன்று. எடுத்துக்கொண்ட பொருள், ஆய்வேடுகளில் வரும் நன்றியுரைகள். தான் பார்த்த பக்கங்களிலேயே ஒன்றைப்போல ஒன்று அச்சாக இருப்பது நன்றிப் பக்கம்தான் என்று கண்டுபிடித்து, அதையே ஆய்வாக்கிவிட்டார். யாருக்கு முதலில் நன்றி சொல்கிறார்கள், யாரை மறக்கிறார்கள், ஆய்வு நெறியாளரான கைடின் பெயருக்கு முன்னால் எத்தனை அடைமொழிகள் நிற்கின்றன, மனைவியோ கணவரோ ஏன் எப்போதும் கடைசிப் பத்தியில் வருகிறார் என்றெல்லாம் ஆராய்ந்திருந்தார். அடிக்குறிப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள இன்னொரு மென்பொருள். புத்தகத்தின் விவரத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் அதுவே வரிசையாக அடுக்கிக் கொடுக்கும். அதோடு அவர் பேசும் தொனி, வீட்டில் கணவரோடு பேசும் தொனியைவிட மென்மையாக இருக்கும் என்று கணவரே புகார் சொல்லியிருக்கிறார்.

பதிவுக் காலத்தை இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. இது நடந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலைக்குள், ஒப்புமை அறிக்கை கையெழுத்தாகி, ஆய்வேடு என் மேஜைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருட வேலைக்குப் பிறகு மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்காணல். "இன்னொரு தடவை முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை" என்று என்னிடம் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

தன் ஆய்வேட்டுக்குத் தானே அறிக்கை தர முடியாது. சொந்தக்காரர், சொந்த மாணவர், சொந்த எழுத்து எதையும் அவரவரே சோதித்துக் கையெழுத்துப் போடக் கூடாது என்று விதி. ஒரு பேராசிரியர் தன் மருமகனின் ஆய்வேட்டை "நானே பாத்துக்கறேனே" என்று மடியில் வைத்துக்கொண்டபோது, சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவரே அக்காதான். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை அவருடைய ஆய்வேடு துணை நூலகரிடம் போயிற்று. அந்த மென்பொருளுக்கு இன்னொரு கடவுச்சொல் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

இந்தத் துணை நூலகர் முன்பு இதே மேஜைக்கு எதிரே முகம் தொங்க நின்றவர். இரவல் போன புத்தகங்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்பது அவருடைய ஆய்வு. மேற்கோள் குறி விட்டுப்போயிற்று என்று அக்கா அதை மூன்று முறை திருப்பி அனுப்பினார். அப்போது அவரைத் தம்பி என்று கூப்பிட்டவர், அவர் துணை நூலகராகி வந்த அன்றே சார் என்று மாற்றிக்கொண்டார். அவர்தான் இன்னும் அக்கா என்பதை விடவில்லை.

பதினொரு மணி வாக்கில் அவர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். மறுபடி எட்டிப் பார்த்தார். பிறகு கையில் ஒரு தாளோடு வந்து தடுப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, மிஷின்ல ஏதோ கோளாறு போல."

"எவ்வளவு வந்திருக்கு சார்?"

"கோளாறுதான்னு நினைக்கிறேன்."

"எவ்வளவு சார்?"

"தொண்ணூத்தி மூணு."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிக்கு முந்தின அத்தியாயம்வரை ஒரே சிவப்பு. எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில், இதே பல்கலைக்கழகத்தின் மாணவர் பிரதி என்று இருந்தது. அக்கா மெதுவாக எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு மாணவர்கள் நிற்கும் இடத்துக்குப் போனார். அங்கே நின்று, தான் ஒட்டிய தாளைத் தானே படித்தார்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்தபோதும் மதிய வேளையில், எதிரே யாரும் இல்லாத நேரம் பார்த்து, தானே ஏற்றிப் பார்த்திருந்தார். வரைவா என்று கேட்க எதிரே ஆள் இல்லை. எல்லா அத்தியாயங்களும் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. முடிவுரை ஒன்றுதான் கடைசியில் அவசரமாக எழுதியது. அது சோதனைக்கே போகவில்லை.

"திருடினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு சார்," என்றார் அக்கா. "நான்தான். திருடு கொடுத்ததும் நான்தான்."

"அவ்வளவுதானே, உங்க வரைவை விலக்கிட்டு மறுபடி ஓட்டிடறேன்."

"அதுக்குக் கைடோட கடிதம் வேணும். வரைவு இவங்களோடதுதான்னு கைடு எழுதிக் குடுக்கணும். விதி."

"அந்த விதியைப் போட்டது யாருக்கா?"

துணை நூலகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

கைடு அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அக்காவைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கெட்டிக்காரர். ஆனால் பேரப்பிள்ளையைத் தூக்கிவிட்டால் தொலைபேசியைத் தொடமாட்டார். புதன்கிழமை முழுவதும் அக்கா அழைத்துக்கொண்டே இருந்தார். அன்று அவரிடம் வந்த மாணவர்களெல்லாம் பாக்கியசாலிகள். ஒருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு பெண் பயந்துபோய் என்னிடம் வந்து, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டாள்.

மதியம் கேரியரோடு வந்த கணவருக்கு விஷயம் தெரிந்தது. சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் சிரித்துவிட்டார்.

"என் கடையில இருக்கிற மிஷின் கூட தொண்ணூத்தி மூணு வராது. ஓரத்துல கொஞ்சம் மங்கிப்போகும்."

"சாப்பாட்டை வெச்சுட்டுக் கிளம்புங்க."

"அஞ்சு பிரதி பைண்டிங் பண்ணி, தங்க எழுத்தும் போட்டாச்சு."

"யாரு போடச் சொன்னா?"

"ஏழு வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன். கை சும்மா இருக்குமா?"

அதைக் கேட்டதும் அக்கா கேரியரைத் திறப்பதுபோலக் குனிந்துகொண்டார். கணவர் போன பிறகும் வெகுநேரம் அதைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை கைடின் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. துணை நூலகர் வரைவுகளை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். இந்த முறை அக்கா தன் நாற்காலியில் உட்காரவில்லை. துணை நூலகரின் அறையில், அவர் மேஜைக்கு எதிரே நின்றார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"நாலுக்கா."

"அப்பாடா. கையெழுத்துப் போடுங்க சார்."

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் வரவில்லை.

"நாலுதானே சார்? பத்து வரைக்கும் போகலாமே."

"எண்ணை விடுங்கக்கா. கலரைப் பாருங்க."

இதைச் சொல்ல அவர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் குரலில் குத்தல் இல்லை, கொஞ்சம் கூச்சம்தான் இருந்தது. மற்ற நிறங்களெல்லாம் முறையாகக் குறிப்புக் கொடுத்த மேற்கோள்கள். முடிவுரையில் மட்டும் மூன்று வரிகள் மஞ்சளாக இருந்தன. அவற்றை அவர் வாசித்தார்.

"'இரவல் வாங்குகிற எல்லோரும் திருப்பித் தரும் எண்ணத்தோடுதான் வாங்குகிறார்கள். முதலில் தொலைவது அந்த எண்ணம்தான். புத்தகம் அதற்குப் பிறகு சாவகாசமாகத் தொலைகிறது.' இது யாரோடதுக்கா?"

"நான் எழுதினதுதான் சார். நன்றி சொல்றதா நினைச்சுட்டு மறந்துடறாங்களே, அதுக்கு ஒரு உவமையா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். உள்வாங்கி, என் நடையில் என்று சொல்லும் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்பது அவருக்கே தெரிந்துபோயிற்று.

"இது உங்களோடது," என்றார்.

"நாற்பத்திரண்டாம் பக்கம்."

மூன்று முறை திருப்பி அனுப்பிய ஆய்வேடு. நான்கு முறை வரி வரியாகப் படித்தது. எவனோ எழுதியது எது என்று கண் தேடிக்கொண்டிருந்தபோது, நன்றாக எழுதியிருக்கிறான் என்று மனம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டது போலிருக்கிறது. முடிவுரைக்கு அவசரமாக ஒரு வரி தேவைப்பட்டபோது அதுவே கைக்கு வந்துவிட்டது. தன்னுடையது என்றே நினைத்து எழுதிவிட்டார்.

"போடலைன்னா கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்கு இதுல ஒண்ணும் நஷ்டமில்லை. ஆனா..."

"போட்டீங்கன்னாதான் கோவிச்சுப்பேன்," என்றார் அக்கா. "பக்கத்தை மாத்திக் கொண்டுவர்றேன்."

தன் மேஜைக்கு வந்து, அடிக்குறிப்பு மென்பொருளைத் திறந்து, ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தார். மூன்று வரிகளுக்கும் மேற்கோள் குறி போட்டார். அச்செடுத்த தாளை எடுத்துக்கொண்டு தானே எதிர்க்கடைக்குப் போனார்.

அங்கே நடந்ததைக் கணவர் பிறகு எனக்குச் சொன்னார். ஐந்து பிரதிகளின் தையலையும் பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்கும்போது இவர் நன்றிப் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறார்.

"என்னைக் கடைசியிலதான் போட்டிருக்கே."

"ஆராய்ச்சி முடிவுப்படி போட்டிருக்கேன். நானூத்தி அம்பது ஆய்வேட்டுல அப்படித்தான்."

"துணை நூலகர் பேரே காணோமே?"

அக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாராம். பிறகு அந்தப் பக்கத்தையும் மாற்றச் சொல்லிவிட்டார். கணவர் கடைசி இடத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லாததால், துணை நூலகர் கடைசிக்கு முன்னால் வந்தார்.

வியாழன் மாலையே அறிக்கையில் கையெழுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நீல அட்டைப் பிரதிகளும் என் மேஜைக்கு வந்தன. எண் போட்டு வாங்கிக்கொண்டேன். முதுகுத் தையல் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அதே எச்சரிக்கைத் தாள் மானிட்டரின் முன்பக்கத்திலும் ஒன்று வந்தது. பட்டம் வாங்கிய பின்னும் யாரும் அவரை டாக்டர் என்று கூப்பிடவில்லை. பர்சென்ட் அக்கா என்பதில் மரியாதை ஏற்கெனவே நிறைய இருந்தது. அவருடைய ஆய்வேடு இணையத்தில் ஏறிய சில மாதங்களில், ஒரு நாள் துணை நூலகர் தன் அறையிலிருந்து வேகமாக வந்தார். கையில் தொலைபேசி. தன் ஆய்வேட்டை எங்காவது யாராவது மேற்கோள் காட்டினால் மின்னஞ்சல் வரும்படி, பட்டம் வாங்கிய அன்றே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார் போலிருக்கிறது. இத்தனை வருடமும் ஒரு அஞ்சலும் வந்ததில்லை.

"அக்கா, ஒண்ணு வந்திருக்கு."

"என்ன வந்திருக்கு, பர்சென்ட்டா?"

"இல்லக்கா. என்னை ஒருத்தங்க மேற்கோள் காட்டியிருக்காங்க."

யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் திரையை அக்காவின் பக்கம் திருப்பி, தெரியாதவர் போலவே நின்றார். அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"பக்க எண் சரியா வந்திருக்கான்னு பாத்துக்கோ, தம்பி," என்றார்.