முக்கோணத்தின் மேல் ஒரு கோடு

அண்ணன் காரியத்துக்கு லீவு கேட்டபோது, டிபார்ட்மெண்டில் வீட்டில் விசேஷம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஏன் அப்படி எழுதினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பிப் போனதும் வகுப்பில் எல்லோரும் ஸ்வீட் எங்கே என்று கேட்டார்கள். தொம்மலூர் பேக்கரியில் மைசூர்பாகு வாங்கிப் போய்க் கொடுத்தேன். நானும் ஒரு துண்டு தின்றேன். அழுகையும் வரவில்லை, இனிக்கவும் இல்லை. மரத்துப்போய்க் கிடந்தேன், அவ்வளவுதான்.

மானுடவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வேறு சமூகத்து வீடு ஒன்றுக்குப் போய், பெரியவர்களிடம் கேட்டு, அந்தக் குடும்பத்தின் உறவுப் படத்தை வரைய வேண்டும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்கு முக்கோணம். இறந்துபோனவர் என்றால் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. ஷில்லாங்கிலிருந்து வந்து ஈஜிபுராவில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கியிருந்த என் தோழி, உங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணத்தைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. வா என்றேன்.

வாய் வராதது எனக்கு மட்டுமல்ல. அண்ணன் ஏர்போர்ட் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு விடியற்காலை விபத்தில் போய்விட்டான். சொந்தக்காரர்கள் "அது நடந்தப்புறம்" என்பார்கள். அம்மா அதையும் சொல்லமாட்டாள். அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் அடித்திருந்தது. பிரேம் போடக் கொடுத்த அண்ணன் படம் கடையிலேயே கிடந்தது. கடைக்காரர் போன் செய்தால் நான் எடுப்பதில்லை. அந்த மனுஷன் என்ன பாவம் செய்தாரோ, அவர்மேல் எனக்கு அப்படியொரு கோபம்.

அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் பல வருடம் சமைத்தவள். அவர்களும் தமிழ்க்காரர்கள்தான், ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டை மட்டும் இங்கிலீஷில் நடக்கும். அந்தச் சண்டையை அம்மா எங்களுக்கு ஒன்று விடாமல் சொல்லிச் சிரிப்பாள். இருந்தாலும் அவள் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்லை. அதனால் மொழிபெயர்க்க நான் நடுவில் உட்கார்ந்தேன். சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று பேராசிரியர் எங்கள் காதில் ஓதி ஓதி வைத்திருந்தார்.

தோழி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்டபோது, அவர் போய் ரொம்ப வருஷம் ஆகிறது என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். தோழி கோடு போட்டாள். பிறகு பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"ரெண்டு. பெரியவன், அப்புறம் இவ."

சொன்னேன். ஒரு முக்கோணம், ஒரு வட்டம். மகன் என்ன செய்கிறார் என்றாள்.

"வண்டி ஓட்றான்" என்றாள் அம்மா, என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

அதையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வீடு கடைசி மகளுக்குத்தான், இங்கே யாருக்கு என்று தோழி கேட்டாள். மகனுக்கு என்றாள் அம்மா. அப்படியானால் கல்யாணம் ஆனபிறகும் அவர் இங்கேயே இருப்பாரா என்று அடுத்த கேள்வி. அம்மா டீ கிளாஸை ஒருமுறை நகர்த்தி வைத்துவிட்டு, இருப்பான் என்றாள். இருப்பான் என்று நானும் சொன்னேன். பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பைச் சொல்லும் குரல் மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பதிலுக்கும் அம்மா என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுத்துவிடாதே என்று கெஞ்சுகிறாள் என்று நினைத்தேன்.

அண்ணனைப் பார்க்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டுவிட்டுத் தோழி கிளம்பினாள். அம்மா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"நீ சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன்டி."

என்னத்தை என்று கேட்டேன்.

"எனக்கு வாய் வரமாட்டேங்குது. நீ இங்கிலீஷ்லனா சொல்லுவே, நானும் காதுல வாங்கிக்கலாம்னு இருந்தேன். நீ சும்னே நான் சொன்னதையே சொல்லிகினு இருக்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சண்டைகளை அவள் எந்த மொழியில் கேட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மேலேயே எரிச்சலாக வந்தது. அண்ணன் போனபிறகு முதல்முறையாக எனக்கு எங்கோ வலித்தது.

அவளுக்குப் போன் போடு, ஸ்பீக்கரில் போடு என்றாள் அம்மா. தோழி தொம்மலூர் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றிருந்தாள், வண்டிச் சத்தம் கேட்டது. படத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். ஒரு முக்கோணத்தின் மேல் கோடு போட வேண்டும் என்றேன். எந்த முக்கோணம் என்று கேட்டாள். பிள்ளைகள் வரிசையில் இருப்பது என்றேன்.

"சுத்தி வளைக்காத. சொல்லு" என்றாள் அம்மா.

என் அண்ணன் செத்துப்போய்விட்டான் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அம்மா ஈரக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆமா கண்ணு. என் புள்ள செத்துட்டான்."

தோழிக்குத் தமிழ் தெரியாது. அம்மா என்ன சொல்கிறார் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.