பனிக்கோட்டைக்கு வரைந்த கதவுகள்

கேரள எல்லையில், பாறசாலை சந்திப்பில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் அண்ணன் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தான். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் போன பிறகு அவனும் தங்கை நானும் சேர்ந்து ஒரு கேம் செய்தோம். புரோகிராம் அவனுடையது, படங்கள் என்னுடையவை. தமிழ்நாட்டிலிருந்து அரிசி கடத்திச் சுமந்து வரும் ஒரு பெண், செக்போஸ்ட்காரர்கள் கண்ணில் படாமல் ரப்பர் தோட்டங்கள் வழியாகக் குன்னத்துகால் சந்தைக்கு வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டுபோய் நெய்யாற்றின்கரை வரை விளையாடினார்கள். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது.

அப்படி ஒரு ஃபிளாப்பி பெங்களூருக்குப் போயிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு கேம் செய்து கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்றின் மேனேஜர், திருவனந்தபுரத்துக்காரர், ஓணத்துக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். வெகுநேரம் உட்கார்ந்து விளையாடினார். அரிசிக்காரி பிடிபடும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்.

“இத நம்ம ரெண்டு கூட்டரும் சேர்ந்து பெரிசா செய்யலாம்” என்றார், மலையாளம் கலந்த தமிழில். “பக்ஷே இப்பம் எங்க கையில ஒரு வலிய புராஜெக்ட் உண்டு. அதுல நீங்களும் பார்ட்னரா கூடணும். அது கழிஞ்சா அடுத்தது உங்களோடது.”

அண்ணன் புரோகிராம் முழுவதையும் அன்றே அவர் கையில் கொடுத்தான். பிறகு அவர் அனுப்பிய ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டான்.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலை அப்பாவுக்கு. விஷயத்தைக் கேட்டு அவர் சந்தோஷப்படவில்லை.

“எலே, அவனுவ வலிய ஆளுவ. நம்மள எதுக்காக்கும் தேடி வாறானுவ?”

“கேம் நல்லா இருக்குப்பா. அதுக்காக்கும்” என்றான் அண்ணன்.

அது உண்மைதான். கேம் நன்றாகத்தான் இருந்தது.

பெரிய புராஜெக்ட் என்பது வெளிநாட்டு கேம் ஒன்றுக்காகப் பனிமலையில் ஒரு கோட்டை. பல ஊர்களில், பல கம்பெனிகளில் ஆட்கள் அதைத் துண்டு துண்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்குக்குக் கதவுகள் வந்தன. நான் கதவுகளை வரைய வேண்டும். அவை திறந்து மூடும் விதத்தை அண்ணன் எழுத வேண்டும். வகுப்புகளை நிறுத்தினோம். பாலிடெக்னிக் முடித்த இரண்டு பையன்களையும், குன்னத்துகாலிலிருந்து நன்றாக வரைகிற ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டோம்.

பனி என்றால் எனக்குக் கிறிஸ்மஸ் குடிலில் ஒட்டும் பஞ்சுதான். ஆனாலும் வரைந்தேன். சிடியில் பதிந்து பெங்களூருக்கு அனுப்புவோம். இன்னும் பழையதாக வேண்டும் என்று பதில் வரும். பிறகு, இன்னும் ஈரமாக. பிறகு, இவ்வளவு பழையது வேண்டாம். ஒரு கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டு எழுதினேன். அது வேறு டீமின் வேலை என்று பதில் வந்தது.

அண்ணன் எழுதிய புரோகிராமையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடையதையே அனுப்பி, பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். நாள் முழுக்க அவன் திரையில் ஒரு கதவைத் திறப்பான், மூடுவான், திறப்பான். அரிசிக்காரியைப் பற்றிக் கேட்டால், “இதொண்ணு கழியட்டும் பிள்ளே” என்பான். போகப்போக அதையும் சொல்லாமலானான்.

ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் பெங்களூருக்கே போனான். திரும்பி வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் அடுக்களையில் வந்து உட்கார்ந்தான்.

“அந்த ஸார் அங்க இல்ல பிள்ளே. வேற கம்பெனிக்குப் போயிட்டாராம்.”

“நம்ம கேமு?”

“புதுசா வந்தவருட்ட சொன்னேன். எந்த கேமுன்னு கேட்டாரு.”

அதற்குப் பிறகும் கதவு வரைந்தோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் போன் வந்தது. பணம் போட்ட வெளிநாட்டுக் கம்பெனி கோட்டையையே கைவிட்டுவிட்டதாம். எங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, இந்தத் தொழிலில் இது சகஜம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். எங்கள் கேமையாவது திருப்பித் தாருங்கள் என்றான் அண்ணன். கூட்டாகச் செய்வதாகக் கையெழுத்துப் போட்டிருப்பதால் அதைத் தனியாக வெளியிட முடியாது என்றார்கள்.

“அவனுவ செய்யவும் மாட்டானுவ, நம்மள செய்ய விடவும் மாட்டானுவ” என்று போனை வைத்தான்.

“கேஸ் குடுப்பமா?” என்று அப்பா கேட்டார்.

“ஆருக்க மேல?” என்றான்.

மறுநாள் காலை அந்தக் குன்னத்துகால் பெண் வழக்கம்போல டிபன் பாத்திரத்தோடு வந்தாள். இனி வேலை இல்லை என்று பையன்களுக்குப் போனில் சொல்லியிருந்தோம், அவள் வீட்டில் போன் கிடையாது. நான்தான் சொன்னேன். அவள் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுத் தன் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

“எனக்க கதவு பாதியில நிக்குதேக்கா. முடிச்சிட்டுப் போகட்டா?”

செரி மக்கா என்றேன். மத்தியானம் வரை உட்கார்ந்து வரைந்தாள். கீல்களில் துரு, அடிப்பலகையில் ஈரம், எல்லாம் அவர்கள் கேட்டபடியே. நான் இதுவரை வரைந்த எதையும்விட நன்றாக இருந்தது. சிடியில் பதியட்டுமா என்று கேட்டுவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். அனுப்பினால் வாங்க ஆளில்லை என்பது அப்போதுதான் அவளுக்கும் எனக்கும் முழுதாகப் புரிந்தது.

அண்ணன் கல்ஃபுக்குப் போனான், ஒரு குடோனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சபையில் ஆராதனை முடிந்து திரும்பும் நேரம் பார்த்துக் கூப்பிடுவான். அப்பாவின் பிரஷரைக் கேட்பான், மழையைக் கேட்பான். ஒருமுறை, வேலை எப்படி என்று கேட்டேன்.

“பெட்டி அடுக்கணும், அவ்வளவுதான். ஒண்ணும் யோசிக்காண்டாம்.”

அரிசிக்காரிக்கு ஒவ்வொரு வழியாக யோசித்தவன், இதை நிம்மதியாகத்தான் சொன்னான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே போனேன்.